வீட்டில் எத்தனை பேர்

மின்சார மீட்டர் சொன்ன கணக்குப்படி அந்த ஓட்டு வீட்டில் நாற்பத்தொரு பேர் குடியிருந்தார்கள். பூங்கோதை போய்ப் பார்த்தபோது ஒரே ஒரு அம்மாள்தான் இருந்தார். அவரும் எழுந்து வந்து கதவைத் திறக்க நேரமில்லாமல், "தொறந்துதான் கெடக்குது, வாங்க" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார். கூடத்தில் மூன்று பெரிய கிரைண்டர்கள் உறுமிக்கொண்டிருந்தன. கரட்டுப்பாளையத்தில் பாதித் தெருவுக்கு அந்த மாவில்தான் இட்லி வேகிறது. பாவம், அது மீட்டருக்கு எப்படித் தெரியும்?

"நாப்பத்தொரு பேரா?" அந்த அம்மாள் மாவுக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு அவளிடமும் சொல்லிச் சிரித்தார். மீட்டர் நிறுவனத்துப் பொறியாளர் நவநீதன் மட்டும் சிரிக்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேலி செய்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு, கைக்கணினியில் எதையோ குறித்துக்கொண்டான்.

நாடு முழுக்கப் பழைய மீட்டர்களைக் கழற்றிவிட்டு அறிவு மீட்டர்கள் பொருத்திக்கொண்டிருந்த காலம் அது. முதலில் யூனிட்டை மட்டும்தான் எண்ணின. பிறகு, தலைக்கு இத்தனை யூனிட் சலுகை விலையில் என்று சட்டம் வந்தது. சட்டம் வந்த மறுமாதமே வீடுகளில் ஆட்கள் பெருகினார்கள். துபாயில் இருக்கும் தம்பி, கல்யாணமாகிப் போன மகள், சில வீடுகளில் இறந்துபோன தாத்தா எல்லோரும் படிவங்களில் திரும்பி வந்தார்கள். அப்போதுதான் ஒரு நிறுவனம், வீட்டில் எத்தனை பேர் என்பதை மீட்டரே சொல்லும் என்று முன்வந்தது. அந்த எண்ணை வீட்டு முகப்பில் மீட்டரின் திரையிலேயே காட்டிவிட்டால், தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்ற கூச்சத்தில் பொய் குறையும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியது. வரும் ஒன்றாம் தேதி அந்த எண் எல்லா வீட்டுச் சுவரிலும் எரியப்போகிறது. அதற்கு முன்னால், மீட்டர் சரியாக எண்ணுகிறதா என்று பார்த்துச் சொல்ல மேற்பார்வைக் குழு ஒன்றை அரசு அமைத்தது. பூங்கோதை அந்தக் குழுவின் ஆய்வு அலுவலர்.

வேலைக்குப் பொருத்தமான ஆள்தான். தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்கிற வரைக்கும் பூங்கோதைக்குச் சோறு இறங்காது. ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டாள்.

"எப்படித்தான் நவநீதன் எண்ணுது அது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"ஒவ்வொரு சாமானும் ஸ்விட்ச் போட்ட உடனே கரண்ட்டை ஒரு தினுசா இழுக்கும் மேடம். ஃபேன் மெதுவா எழும். ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கும். ஆளுக்கு ஆள் தும்மல் வேற மாதிரி இருக்கில்ல, அந்த மாதிரி. எது ஓடுதுன்னு மீட்டர் கண்டுபிடிச்சிடும்."

"சாமான் தெரியும், சரி. ஆள் எப்படித் தெரியும்?"

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதுதான் மேடம் என் வேலை. சாமானைப் போடற கையைக் கண்டுபிடிக்கறது. மிக்ஸியவே எடுத்துக்குங்க. சிலபேர் ஒரே இழுப்பா ஓட்டுவாங்க. சிலபேர் விட்டு விட்டுத் திருப்புவாங்க. பாத்ரூம்ல லைட்டைப் போட்டுட்டு ஹீட்டரைப் போடறவங்க உண்டு, ஹீட்டரைப் போட்டுட்டு லைட்டைப் போடறவங்க உண்டு. கொஞ்ச நாள் பார்த்தா இந்த வீட்ல எத்தனை கை புழங்குதுன்னு தெரிஞ்சிடும். பேரு தெரியாது. கை தெரியும்."

பூங்கோதை தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கெட்டிக்காரப் பையன்தான் என்று நினைத்தாள்.

படிவத்தில் உள்ள எண்ணும் மீட்டரின் எண்ணும் ஒத்துப்போகாத வீடுகளை மட்டும் அவர்கள் பார்த்து வந்தார்கள். பெரிய வித்தியாசங்கள் எல்லாம் சுலபமாகக் கழன்றன. மாவுக்கார அம்மாள் ஒன்று. டியூஷன் வாத்தியார் வீடு ஒன்று. மீன் தொட்டியின் மோட்டாரைப் போட்டுப் போட்டு அணைக்கிற ஒரு தானியங்கிக் கருவியை, மீட்டர் ஒரு குடும்ப உறுப்பினராகவே ஏற்றுக்கொண்டிருந்தது. பூங்கோதையைப் பிடித்து இழுத்தது ஒரே ஒரு ஆள் வித்தியாசப்பட்ட வீடு. நாற்பது பேர் கூடினால் அது பிழை. ஒரு ஆள் கூடினால் அங்கே ஏதோ இருக்கிறது.

அந்த வீடு காவேரி வாய்க்காலைத் தாண்டி, ரைஸ் மில் சந்தில் இருந்தது. கூட்டுறவு வங்கியில் காவலராக இருந்து ஓய்வுபெற்ற நாச்சிமுத்துவும் அவர் மனைவி தெய்வாத்தாளும் இருப்பதாகப் படிவம் சொன்னது. போன தை வரைக்கும் மீட்டரும் இரண்டு என்றுதான் சொல்லி வந்தது. மாசியிலிருந்து மூன்று என்கிறது. சலுகைக்காக ஆளைக் கூட்டிச் சொல்கிறவர்கள் உண்டு. குறைத்துச் சொல்கிறவர்கள் யார்?

புதிய மீட்டர் தெருவைப் பார்த்த காம்பவுண்டுச் சுவரில் பதித்திருந்தது. நாச்சிமுத்து கேட்டுக்கு வந்து, யார், எந்த ஆபீஸ், அடையாள அட்டை எங்கே என்று மூன்று தடவை விசாரித்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். கூடத்தில் நாற்காலி போட்டார். தெய்வாத்தாள் எதிரில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

"ரண்டே பேருதானுங்க" என்றார் நாச்சிமுத்து.

"பையன் உண்டுங்க. கல்யாணமாயித் தனியா இருக்கறான்" என்றார் தெய்வாத்தாள், கேட்காமலேயே.

"விருந்தாளிங்க யாராவது அடிக்கடி வந்து தங்குவாங்களாம்மா?"

"எங்களத் தேடி ஆரு வாரா அம்மிணி?"

மறைக்கிறார்கள் என்று பூங்கோதைக்குத் தெரிந்தது. எதை என்றுதான் தெரியவில்லை. இன்னும் ஒன்றிரண்டு கேள்விகள் கேட்டாள். இருவரும் ஒட்டாத பதில்களையே சொன்னார்கள். சரி, கிளம்பலாம் என்று எழுந்தபோதுதான் தெய்வாத்தாளுக்கு நினைவு வந்தது, வந்தவர்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று. எந்த நெருக்கடியிலும் அந்தப் பக்கத்து வாய் இதைச் சொல்லாமல் இருக்காது.

"அட, வெறும் வயித்தோட போவாதீங்க! உக்காருங்க, ரண்டு தோச ஊத்தச் சொல்றன்."

சொல்லி முடிக்கவில்லை. சமையலறையில் மிக்ஸி ஓடியது. சின்னதாக ஒரு இழுப்பு, இன்னொரு சின்ன இழுப்பு, பிறகு நீளமாக ஒன்று. சட்னி அரைபடுகிற சத்தம்.

தெய்வாத்தாள் தரையில் உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேருமே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோசை ஊற்றச் சொல்கிறேன் என்ற குரலைக் கேட்டதும் உள்ளே இருந்த கை பழக்கத்தில் வேலையைத் தொடங்கிவிட்டது. 

"மேடம்!" நவநீதன் கைக்கணினியை உயர்த்திக் காட்டினான். திரையில் கோடு மூன்று முறை துள்ளியிருந்தது. "இதேதான்! சின்னது, சின்னது, பெருசு. மூணாவது கை! நான் சொன்னேனில்ல, மீட்டர் கரெக்ட்!"

அவன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டுத் தெய்வாத்தாள் அழத் தொடங்கினார். நவநீதனுக்கு ஒன்றும் புரியவில்லை. கைக்கணினியை மெதுவாக இறக்கினான்.

"கோகிலா, வெளிய வா கண்ணு" என்றார் நாச்சிமுத்து. "இனி என்ன."

முப்பது வயதுக்குள் ஒரு பெண் வந்து சமையலறை வாசலில் நின்றாள். இடது கையில் தோசைக் கரண்டி. வலது மணிக்கட்டு சற்றே கோணலாக, எலும்பு சரியாகக் கூடாமல் இருந்தது.

"மருமவளுங்க" என்றார் தெய்வாத்தாள். "எம் பையன் பொண்டாட்டி. அந்தக் கை அவன் பண்ணுன வேலதான். பெத்த வயித்தால சொல்றன், அவன் மனுசனில்லீங்க. மூணு வாட்டி இவ அவங்கப்பன் ஊட்டுக்குப் போனா. மூணு வாட்டியும் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பிச்சுட்டாங்க. நாலாவது வாட்டி இங்க வந்தா. 'அத்தை, நீங்களாச்சும் என்னத் திருப்பி அனுப்பாதீங்க'ன்னு காலப் புடிச்சா. நா எங்கீங்க அனுப்பறது?"

"பையனுக்குத் தெரியாதா?"

"பெங்களூருக்கு ஓடிப்போயிட்டான்னு நெனச்சு அங்க தேடிட்டு இருக்கறான். நாங்களும் ஆமாங்கறாப்பல இருந்துக்கிட்டம்" என்றார் நாச்சிமுத்து. "கண்டா வெட்டிப் போடுவன்னு இந்தக் கூடத்துல நின்னுதான் சொன்னான். சொன்னாச் செய்யறவன். ஞாயித்துக்கெழம தவறாம வருவான். அப்பெல்லாம் இவ பொறத்தால ரூம்ல இருப்பா. அவன் வண்டிய நிறுத்தறதே அந்த மீட்டர்ப் பொட்டிகிட்டத்தான்."

"போலீஸ்ல?"

"இவ இங்க வாரதுக்கு முன்னாலயே போனமுங்க. சேந்து வாழறம்னு எழுதி வாங்கீட்டு அனுப்பிச்சாங்க. இப்பத்தான் வக்கீல் வெலாசத்துல கோர்ட்ல கேஸ் போட்டிருக்கறம். தீர்ப்பு வார வரைக்கும் இவள உசுரோட வெச்சிருக்கோணும்."

கோகிலா ஒரு அடி முன்னால் வந்தாள். பூங்கோதையைப் பார்த்து, "அந்த மீட்டர்ல எத்தனைன்னு காட்டுமுங்க?" என்று கேட்டாள்.

"மூணு" என்றாள் பூங்கோதை.

"ஒண்ணாந்தேதியா?"

"ஆமா."

தோசை வந்தது. வேண்டாம் என்று சொல்ல இருவருக்கும் நா எழவில்லை. நவநீதன் தட்டைப் பார்த்தபடியே, "நீங்க ஏங்க மிக்ஸிய விட்டு விட்டு ஓட்டறீங்க?" என்று கேட்டான். அவனுக்கு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வலது கையில திருப்ப முடியாதுங்க. இடது கை சீக்கிரம் வலிச்சுப் போகும்" என்றாள் கோகிலா. "அதான் விட்டு விட்டு."

அதற்குப் பிறகு அவன் சாப்பிடவில்லை.

ஜீப் வாய்க்கால் பாலத்தை ஏறி இறங்கியது. பிறகு பூங்கோதை, "அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் எண்ணைக் காட்டாம நிறுத்த முடியாதா?" என்றாள்.

"முடியும். ஆனா சந்து முழுக்க எண் எரியும்போது அந்த ஒரு சுவத்துல மட்டும் எரியலன்னா, யாரும் பார்க்க மாட்டாங்களா?"

"ரெண்டுன்னு மாத்திக் காட்டினா?"

நவநீதன் சங்கடத்தோடு சிரித்தான். "வெளியிலேர்ந்து யாரும் எண்ணை மாத்தவே முடியாதபடி பூட்டணும்னு உங்க குழுதானே மேடம் சொல்லுச்சு? எங்க ஆளுங்களே லஞ்சம் வாங்கிட்டு மாத்திடுவாங்கன்னு. நாங்களும் பூட்டிட்டோம். இப்ப என்னாலயும் முடியாது."

அந்தப் பரிந்துரையை எழுதியதே பூங்கோதைதான். நன்றாக எழுதியிருக்கிறாய் என்று தலைவர் அன்றைக்குப் பாராட்டியதும் அவளுக்கு நினைவு வந்தது.

"அப்போ எல்லா வீட்லயும் நிறுத்தணும்" என்றாள். "அது ஒண்ணுதான் வழி."

"நான் மூணு வருஷம் உழைச்சது மேடம்."

"தெரியும்."

"அது தப்பாவும் சொல்லலையே. சரியாத்தானே சொல்லுது?"

"சரியாச் சொல்றதுதான் நவநீதன் பயமா இருக்கு."

குழு சென்னையில் கூடியது. ஓய்வுபெற்ற நீதிபதி அருணகிரி தலைவர். முன்னாள் எம்.பி. மருதாசலம், பேராசிரியை ஹெலன் ஞானமணி, நுகர்வோர் சங்கத்துக் காதர் மொய்தீன் ஆகியோர் உறுப்பினர்கள். வீட்டு ஆட்களின் எண்ணைச் சுவரில் காட்டுவது ஆபத்து, அதனால் சிலருக்கு உயிருக்கேகூடக் கேடு வரலாம் என்று பூங்கோதை சொன்னாள். நிறுவனத்தின் இயக்குநர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரே ஒரு உதாரணம் சொல்லுங்க மேடம். எந்த ஊர், எந்த வீடு?" என்றார்.

பூங்கோதைக்கு அந்த வீட்டின் இணைப்பு எண் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் வென்றுவிடலாம். சொன்னால் அது குறிப்பில் ஏறும், குறிப்பு இணையத்தில் ஏறும், கரட்டுப்பாளையத்துக்குப் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகப்போகிறது? ஆபத்தை நிரூபிக்க ஒரே வழி அந்த ஆபத்தை வரவழைப்பதுதான் என்று அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு முழுதாக உறைத்தது. மேசையின் மறுபுறம் நவநீதன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவன் வாயைத் திறந்தாலும் அதே கதிதான்.

"சொல்ல முடியாது சார்" என்றாள்.

"ஊகத்தை வெச்சு உத்தரவு போட முடியாதேம்மா" என்றார் அருணகிரி. கோபமில்லாமல்தான் சொன்னார்.

ஆத்திரமாக இருந்தது. அந்த ஆத்திரத்தில்தான் அந்த யோசனை வந்தது.

"அப்போ ஒண்ணு செய்யலாம் சார். ஒண்ணாந்தேதிக்கு இன்னும் நாள் இருக்கு. முதல்ல நம்ம அஞ்சு பேர் வீட்ல அந்த எண்ணை எரிய விடுவோம். நீங்க நாலு பேர், அப்புறம் நான். புது மீட்டர் நம்ம எல்லார் வீட்லயும் எப்பவோ வந்தாச்சு. ஒரு வாரம் பார்த்துட்டு, எண் சரியா இருந்துச்சா, எப்படி இருந்துச்சுன்னு அடுத்த கூட்டத்துல சொல்லுவோம்."

மருதாசலம் வாய்விட்டுச் சிரித்தார். "தாராளமா! நமக்கென்னம்மா, ஒளிவு மறைவா?" ஹெலன், ஆராய்ச்சி முறைப்படியும் அதுதான் சரி என்றார். இயக்குநருக்கு இதைவிட நல்ல விளம்பரம் ஏது? உடனே ஒப்புக்கொண்டார்.

தங்கள் வீட்டு எண்ணைத் தெருவே பார்ப்பதை ஒரு வாரம் அனுபவித்தால் போதும், இது கூடாத வேலை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள் என்பதுதான் பூங்கோதையின் கணக்கு. அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் வீட்டு மீட்டரையும் போய்ப் பார்த்தாள். கணவர் ஞானசேகர், பன்னிரண்டாவது படிக்கும் மகன், அவள் என்று வீட்டில் மூன்று பேர். மீட்டர் இரண்டு என்றது. நவநீதனின் அருமைப் பிள்ளை இங்கே சறுக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

அடுத்த கூட்டத்தில் யாருமே சிரிக்கவில்லை. மருதாசலம் தாமதமாக வந்து ஓர ஓரமாக நடந்து உட்கார்ந்தார். தேநீர் ஆறியது.

"தலைவர்ங்கிற முறையில நானே ஆரம்பிக்கறேன்" என்றார் அருணகிரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க வீட்ல நானு, மனைவி, மகன், மருமகள், நாலு பேர். மீட்டர் ரெண்டுன்னு காட்டுச்சு. வாட்ச்மேன் என்கிட்டயே வந்து, 'ஐயா, சின்னய்யா எப்போ வீடு மாறினாரு'ன்னு கேட்டான்." கண்ணாடியின் மேல் ஊதினார். "எண் தவறு."

பூங்கோதை நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார்.

ஹெலன் ஞானமணி தனியாக வசிப்பவர். "ரெண்டுன்னு காட்டுச்சு" என்றார் சுருக்கமாக. "தவறு. அப்பட்டமான தவறு." காது மடல் சிவந்திருந்தது.

"என்னுதும் தப்பு" என்றார் மருதாசலம். எத்தனை என்றே சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

காதர் மொய்தீன் மூன்று பேர் முகத்தையும் நிதானமாகப் பார்த்தார். பெரிய குடும்பஸ்தர், மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆள். "எங்க வீட்லயும் ஒத்து வரலீங்க" என்றார். "மெஷின்தானே."

கடைசியாகப் பூங்கோதை. "எங்க வீட்ல மூணு பேர் சார். ரெண்டுன்னு காட்டுச்சு. தவறு." அவள் உண்மை என்று நம்பித்தான் சொன்னாள்.

இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வீடுகளில் சரியாகச் சொன்ன கருவி, அதெப்படி இங்கே மட்டும் மொத்தமாகத் தவறும், மூலத் தரவைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே என்றார்.

"எங்க வீட்டுத் தரவையா?" என்று கேட்டார் அருணகிரி. மிக மெதுவாகத்தான் கேட்டார். இயக்குநர் உட்கார்ந்துவிட்டார். பிறகு நவநீதனைத் திரும்பிப் பார்த்து, "நீ சொல்லுப்பா, இது நடக்கக்கூடியதா?" என்றார்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஐந்து வீட்டின் கோடுகளும் அவன் மடியில் இருந்த கைக்கணினியில் இருந்தன. அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று வருட உழைப்பு பிழைத்துவிடும்.

"நடக்கலாம் சார்" என்றான் நவநீதன். "ஆளை எண்றதுக்கு எங்க முறை இன்னும் பத்தாது."

உத்தரவு அன்று மாலையே எழுதப்பட்டது. கருவி நம்பகமானதல்ல என்று நிரூபணமாகியிருப்பதால், ஆள் எண்ணிக்கையைச் சுவரில் காட்டுவது மட்டுமல்ல, மீட்டருக்குள் கணக்கிடுவதே கூடாது. இதுவரை கணக்கிட்டதையும் அழித்துவிட வேண்டும். இது கூடாத வேலை என்று யாரும் எழுதவில்லை. தப்பாக எண்ணுகிறது என்றுதான் எழுதினார்கள். கோகிலாவுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று பூங்கோதை தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வெளியே வேப்பமரத்தடி டீக்கடையில் நவநீதன் நின்றிருந்தான். பூங்கோதை அவனருகே போய் நின்றாள். நன்றி சொல்ல வேண்டும் என்றிருந்தது. 

"அஞ்சு வீடும் சரிதானே நவநீதன்?"

அவன் டீயை ஊதிக் குடித்தான். "யார் வீட்ல என்னன்னு நான் சொல்ல மாட்டேன் மேடம். காதர் பாய் வீட்டை மட்டும் சொல்றேன். அவர் படிவத்துல எழுதினது ஒன்பது. மீட்டரும் ஒன்பதுதான். அவர் ஒருத்தர்தான் கூச்சப்படாம உண்மையச் சொல்லியிருக்க முடியும், ஆனா சொல்லல."

பூங்கோதை அந்தப் பெரியவரின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். பிறகு, "அப்போ என் வீடு ஒண்ணுதான் பிழை" என்று சிரித்தாள். "யாரை விட்டுச்சு? பையனையா? அவன் பாட்டுக்கு இருட்டுல போனைப் பார்த்துட்டுக் கிடப்பான்."

நவநீதன் டம்ளருக்குள் பார்த்தான்.

"சொல்லுங்க, பரவாயில்ல."

"ஒரு கை காலையில ஹீட்டர் போடுது, டிபன் செய்யுது, துணி துவைக்குது. சார்னு நினைக்கறேன். இன்னொரு கை சாயங்காலம் ஃபேன், டிவி, படிக்கற லைட்டு. அது உங்க பையன்." அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "மூணாவது கையை மீட்டர் தேடிச்சு மேடம். எப்பவாவது ஒரு தடவை ஒரு லைட்டைப் போடும். அப்புறம் பல நாளுக்குக் காணோம். விருந்தாளின்னு முடிவு பண்ணி விட்டுடுச்சு."

பூங்கோதைக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஊர் ஊராக வீட்டு ஆட்களை எண்ணப் போனவளை அவள் வீட்டு மீட்டர் எண்ணவில்லை. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கடைசியாக எப்போது வீட்டில் மிக்ஸியைத் தொட்டோம் என்று யோசித்தாள். ஞாபகமே வரவில்லை. வீட்டுக்குள் நுழையும்போது எல்லா விளக்கும் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும், புறப்படும்போது அவர்கள் போட்டு வைத்த விளக்கிலேயே புறப்படுவாள். யாரும் அவளைக் குறை சொன்னதில்லை. அதுதான் இப்போது அதிகமாக வலித்தது.

"மன்னிச்சிடுங்க மேடம்" என்றான் நவநீதன்.

"நீங்க என்ன பண்ணுவீங்க. சரியாத்தானே சொல்லியிருக்கு" என்றாள்.

ஒன்றாம் தேதி வந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பூங்கோதை வீட்டில் இருந்தாள். மாலையில் கரட்டுப்பாளையத்திலிருந்து போன் வந்தது.

"அம்மிணி, நாந்தான் தெய்வாத்தா. அவன் வந்துட்டுப் போனானுங்க. வண்டிய அங்கதான் நிறுத்துனான். மீட்டரக் கூடக் குனிஞ்சு பாத்தான். யூனிட்டு எவ்வளவுன்னு அவங்கப்பங்கிட்டச் சொல்லீட்டுப் போயிட்டான். அவ்வளவுதான்." என்றார் அவர். "மவராசியா இருக்கோணும் நீ. இந்தா, கோகிலா உங்கிட்டப் பேசோணுங்கறா."

போன் கோகிலாவிடம் கை மாறியது.  பிறகு, "இந்தப் பக்கம் வந்தீங்கன்னா எல்லாரையும் கூட்டிட்டு வாங்கக்கா. சாப்பாடு செய்யறன்" என்றாள். "உங்க ஊட்ல எத்தன பேருங்க?"

கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஞானசேகர் இரவுக்குச் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தார். மகன் அறைக்குள் விளக்கு எரிந்தது. இரண்டு பேருக்கும் அவள் வீட்டில் இருப்பது தெரியும், ஆனாலும் யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"என்னக்கா, லைன் கட்டாயிருச்சுங்களா?"

"இல்ல, இருக்கேன்" என்றாள் பூங்கோதை. "மூணு பேரும்மா. நாங்க மூணு பேர்."